ஏழாம் எண் இஞ்சினும் இரண்டாவது கைப்பெட்டியும்

பெத்லகேமில் ரயில் ஓடியதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. சிங்கப்பூரில் எங்கள் பங்குக் கோவிலின் மண்டபத்தில் மட்டும் ஓடியது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மண்டபத்து மூலையில் குடில் வைத்து, பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை செய்வோம். உடைந்த கண்ணாடியை வைத்துக் குளம், மரத்தூளுக்குப் பச்சைச் சாயம் போட்டுப் புல். அந்த மலையைச் சுற்றி ஒரு தண்டவாளம். அதில் பச்சை நிற நீராவி இஞ்சின் ஒன்று, பின்னால் இரண்டு பெட்டிகள், கடைசியில் மூடியில்லாத ஒரு சரக்கு வண்டி. கிறிஸ்துமஸ் காலை பிள்ளைகள் பூசை முடிந்ததும், பஞ்சில் கிடத்திய பாலன் இயேசு அந்தச் சரக்கு வண்டியில்தான் வந்து சேருவார். மலையை இரண்டு சுற்றுச் சுற்றி, குடிலின் வாசலில் வண்டி நிற்கும். ஃபாதர் குனிந்து பாலனை எடுத்து வைக்கோலில் வைப்பார்.

புதிதாக வந்த ஃபாதர் ஒருவர் முதல் வருடம் தயங்கினார். "பெத்லகேம்ல எப்படிங்க ரயிலு?"

ரயிலுக்குச் சொந்தக்காரர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் சொன்னார்: "ஃபாதர், பேர் பதியறதுக்கு எல்லாரும் அவங்கவங்க சொந்த ஊருக்குப் போனாங்கன்னு பைபிள்லயே இருக்கு. அவ்வளவு சனத்த வேற எதுல ஏத்திக்கிட்டுப் போயிருப்பாங்க?"

ஃபாதர் சிரித்துவிட்டார். ரயில் தப்பித்தது.

அந்தச் சொந்தக்காரர் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். எழுபதுகளின் தொடக்கத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் மூட்டை கட்டிய சமயம், செம்பவாங்கில் ஒரு குடும்பம் நாற்காலி, மேசை, நாய்க்கூண்டு எல்லாவற்றையும் வாசலில் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. மச்சான் ஐஸ்பெட்டி வாங்கப் போனார். ரயிலோடு திரும்பி வந்தார். வீட்டில் ஐஸ்பெட்டி வர அதற்கப்புறம் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் அக்கா (அவர் மனைவி) தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம், "சூடா இருக்கா? ரயில்ல வச்சுக் குடிங்க" என்பார்.

ஆனால் அவர் ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். கப்பலின் வயிற்றிலிருந்து பெட்டியைத் தூக்கி, கீழே காத்திருக்கும் லாரியின் முதுகில் சத்தமில்லாமல் வைக்கிற கை அது. கட்டுப்பாட்டுப் பெட்டியின் குமிழை விரல் நுனியால் திருகுவார். வண்டி குடில் வாசலுக்கு வந்து மூச்சு விடுவதுபோல் நிற்கும். பஞ்சுகூட அசையாது. பதினைந்து வருடத்தில் பாலன் ஒரு தடவையும் குலுங்கியதில்லை.

எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் கேலி பேசாமல் இருந்தால் வீட்டுப் பெண்கள் கவலைப்படுவார்கள், "ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?" என்று. அவர்களுக்கு நாங்கள் அந்தக் கவலையைக் கொடுத்ததே இல்லை. நான் சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் டிவி ரிப்பேர் செய்பவன். "மாப்ள தொட்டா டிவில படம் வருமோ வராதோ, புகை கண்டிப்பா வரும்" என்பார் மச்சான். "மச்சான், அவ்வளவு உயரத்துல, ஆண்டவருக்குப் பக்கத்துல உக்காந்து வேலை பாக்குறீங்க. அவரும் ஒரு புத்தி சொல்லலையா?" என்பேன் நான். கல்யாணத்தில் தொடங்கியது, சாவு வீட்டில்கூட வாசலுக்கு வெளியே வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு உள்ளே போவோம்.

அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கிய புதிதில். காலையில் வேலைக்குக் கிளம்ப, சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர் மூன்றாவது பித்தானில் நின்றுவிட்டார். வலது கை போயிற்று. வலது காலை இழுத்து நடந்தார். வாயின் ஒரு பக்கம் தொங்கியது. பேச்சு மட்டும் மெதுவாகத் திரும்பி வந்தது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பேருந்து வந்து நின்று கிளம்பிப் போகலாம். கிரேனுக்கு இனிப் போக முடியாது என்று டாக்டர் சொன்னபோது மச்சான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புக்கிட் மேராவில் அவர் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தால் தூரத்தில் கிரேன்களின் கழுத்து தெரியும்.

நான் அன்றைக்கு நிறுத்தினேன் கேலியை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மார்சிலிங்கில் இருக்கும் என் வீட்டிலிருந்து தீவின் மறு முனைக்கு பஸ் பிடித்துப் போவேன், ஆரஞ்சுப் பழத்தோடு. அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் செவிடரிடம் பேசுவதுபோல் சத்தமாக, பால்வாடிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி, "மச்சான்... சாப்டீங்களா... நல்லா... ரெஸ்ட் எடுங்க" என்பேன். இப்போது நினைத்தால் ஆரஞ்சுப் பழத்தை என் வாயிலேயே அடைத்திருக்க வேண்டும்.

அந்த வருடக் கடைசியில் மண்டபத்துக் கமிட்டிக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணனுக்கு முடியாதில்ல? இந்த வருஷம் நீங்க ஓட்டுறீங்களா, இல்ல ரயிலே வேணாமா?" மச்சானிடம் கேட்டேன். அவர் ரயில் வைத்திருந்த பெட்டியை என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்... கிட்டு... போ."

தனியாக இருக்கும்போது அவர் முயன்றிருக்கிறார் என்று அக்கா பிறகு சொன்னார். பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை பெட்டியை அமுக்கிப் பிடிக்க, மறு கை குமிழைத் திருக. இடது கையால் மட்டும் திருகினால் பெட்டியே சுழன்றுவிடும். குமிழும் தேய்ந்து போயிருந்தது. மயிரிழை திருகினால் ஒன்றும் நடக்காது, இன்னொரு மயிரிழைக்கு இஞ்சின் பாய்ந்துவிடும். மூன்று முறை மேசையிலிருந்து விழுந்திருக்கிறது. அக்கா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்க்கவில்லையாம். பார்த்தால் அவரும் திரும்பிப் பார்த்துவிடுவார் என்று.

அப்போதுதான் டிஜிட்டல் என்ற வார்த்தை என் மண்டைக்குள் வந்தது. ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பொம்மை ரயில் கடை ஒன்று இருந்தது. டவ்கே, அதாவது கடை முதலாளி, கண்ணாடிப் பெட்டிக்குள் ஓட்டிக் காட்டினார். பழைய முறையில் தண்டவாளத்துக்குப் போகும் கரண்டைக் கூட்டினால் இஞ்சின் ஓடும், குறைத்தால் நிற்கும். இஞ்சினுக்குச் சொந்த மூளை கிடையாது. புது முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு கரண்ட் இருக்கும். அதிலேயே கட்டளையும் போகும். இஞ்சினின் வயிற்றில் டிகோடர் என்று ஒரு சின்னப் பலகை உட்கார்ந்திருக்கும். தன் எண்ணுக்கு வருகிற கட்டளையை மட்டும் கேட்டு மோட்டாரை ஓட்டும். ஓட்டுகிறவர் கையில் ஒரு கைப்பெட்டி, பித்தான்கள். ஒரு அழுத்து அழுத்தினால் ஒரு படி வேகம். கட்டை விரல் ஒன்று போதும்.

"இருபது வருஷத்து இஞ்சின்ல இத வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"முடியும் லா. ஆனா கொஞ்சம் வெட்டணும், கொஞ்சம் ராவணும்" என்று டவ்கே இங்கிலீஷும் மலாயும் கலந்து சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ரெண்டு டிகோடர் வாங்கிக்கோ" என்றார். மனிதரைப் படிக்கத் தெரிந்தவர்.

மார்சிலிங் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இஞ்சினைப் பிரித்தேன். உள்ளே எடைக்காக வைத்திருந்த ஈயக்கட்டியைப் பாதி ராவி டிகோடருக்கு இடம் செய்தேன். பழைய இஞ்சின்களில் ஒரு சங்கதி உண்டு. மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். சட்டம் சக்கரத்தோடு, சக்கரம் தண்டவாளத்தோடு. டிகோடர் வைப்பதற்கு முன் மோட்டாருக்கும் சட்டத்துக்கும் உள்ள இந்தத் தொடுப்பை அறுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் தண்டவாளத்துக் கரண்ட் பின்வாசல் வழியாக டிகோடருக்குள் நுழைந்து அதை எரித்துவிடும். குறிப்புத் தாளில் முதல் வரியே இதுதான், ஜெர்மனில் ஒரு முறை, இங்கிலீஷில் ஒரு முறை. மெக்கானிக் என்ற திமிரில் நான் இரண்டு மொழியிலும் படிக்கவில்லை.

சுவிட்சைப் போட்டேன். ஒரு 'டிக்'. அப்புறம் வாசனை. அப்புறம் புகைபோக்கி வழியாக நிஜமாகவே புகை வந்தது. நீராவி இஞ்சின் இல்லையா, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

என் மனைவி வந்து நின்று பார்த்தாள். "எங்க அண்ணன் சொன்னது சரிதான்" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள்.

இரண்டாவது டிகோடருக்கு முன் தாளை வேதம் போலப் படித்தேன். மோட்டாரின் கரித்துண்டைப் பிடித்திருக்கும் கம்பிச்சுருளின் கால் சட்டத்தைத் தொடாமல் இருக்க, அதற்கு ஒரு வயரின் மேல்தோலை உருவிச் சட்டை மாதிரிப் போட்டுவிட்டேன். அரிசி மணியளவு பிளாஸ்டிக். அதுதான் மொத்த வித்தையும். மீட்டரை வைத்து நாலு தரம் சோதித்தேன். பிறகு கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தியும் ஏற்றிவிட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். புகை வரவில்லை.

புக்கிட் மேராவுக்குக் கொண்டுபோனேன். டிகோடரில் குட்டிக் குட்டி சுவிட்சுகள் இருக்கும், இஞ்சினுக்கு எண் கொடுக்க. "என்ன நம்பர் வைக்க மச்சான்?" என்றேன், வழக்கம்போல் சத்தமாக. அவர் இடது கையின் ஐந்து விரலையும் காட்டினார். மடக்கி, இரண்டு விரல் காட்டினார். அவருடைய கிரேனின் எண் ஏழு.

கைப்பெட்டியை அவர் இடது கையில் வைத்தேன். கட்டை விரல் பித்தானைத் தேடிற்று. ஒரு அழுத்து. இஞ்சின் நகர்ந்தது. முன்பெல்லாம் அந்த இஞ்சின் கிளம்பும்போது ஒரு துள்ளு துள்ளும். இப்போது தரையில் தண்ணீர் பரவுவதுபோல் போயிற்று. மச்சான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார், தொங்கும் பக்கமும் சேர்ந்து திறந்தது. அக்கா கரண்டியோடு வந்து நின்றார்.

நான்தான் பெருமையில் பேசிக்கொண்டிருந்தேன். "இதுல ஒரு வசதி மச்சான். கைப்பெட்டி வயரு கழண்டாலும் பயப்படாதீங்க. கடைசியா என்ன சொன்னீங்களோ அதையே இஞ்சின் செஞ்சுக்கிட்டே இருக்கும். சுத்திக்கிட்டே இருக்கும். நிக்காது." கடையில் வாங்கிய பெட்டியில் இரண்டு கைப்பெட்டி இருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

மூன்று வாரம் பழகினார். நன்றாக ஓட்டினார். ஆனால் நிறுத்துவதில் பிந்தினார். கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் கேட்பதற்குள் வண்டி ஒரு சாண் தாண்டிவிடும். பத்துக்கு நாலு முறை அப்படி. பழைய மச்சானாக இருந்தால் நான் அந்த ஒரு சாணை வைத்து ஒரு வருடம் ஓட்டியிருப்பேன். நான், "பரவால்ல மச்சான், பரவால்ல மச்சான்" என்றேன். ஒவ்வொரு முறை சொன்னபோதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் மனைவி சொன்னாள்: "அத்தனை பேர் முன்னால அண்ணனுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுங்க. பாலன் கீழ விழுந்தா அப்புறம் அவர் கோயிலுக்கே வர மாட்டார்."

"நான் பாத்துக்குறேன்" என்றேன். இரண்டாவது கைப்பெட்டியிலும் ஏழாம் எண்ணைப் போட்டேன். ஒரே இஞ்சினுக்கு இரண்டு பேர் கட்டளை கொடுக்கலாம், கடைசியில் யார் அழுத்தினாரோ அவர் சொல்வதை அது கேட்கும். காகித மலைக்கு அடியில் வயரை இழுத்து, மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். திரையில் ஒரு கிழிசல் இருந்தது, கண்ணுக்கு.

காலையில் மண்டபம் நிறைந்திருந்தது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். மச்சான் வெள்ளைச் சட்டையில், பித்தான் எல்லாம் சரியாகப் போட்டு, கைப்பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். ஃபாதர் பாலனைப் பஞ்சில் கிடத்தினார். மச்சான் அழுத்தினார். வண்டி கிளம்பியது.

முதல் சுற்றில் வளைவுக்கு முன் அவர் வேகத்தைக் குறைக்கப் பிந்துவதுபோல் எனக்குத் தோன்றியது. நான் ஒரு படி குறைத்தேன். வண்டி அடக்கமாக வளைந்து போனது. மச்சானின் தலை மெல்ல நிமிர்ந்தது. ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கண் கைப்பெட்டிக்கு வந்தது. விரல் பித்தானின் மேல் இருந்தது, ஆனால் இன்னும் அழுத்தியிருக்கவில்லை. பல வருடம் கம்பிக் கயிற்றின் முனையில் கனம் தூக்கிய மனிதருக்கு, தன் கை நகர்த்தாமலே நகர்கிற பொருள் எது என்று தெரியாதா? அதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கிறவனாக இருந்திருந்தால் டிகோடரும் எரிந்திருக்காது.

இரண்டாவது சுற்று. மலைக்குப் பின்னாலிருந்து வண்டி வெளியே வந்தது. மச்சான் ஒரு காரியம் செய்தார். கைப்பெட்டியின் வயரை முழங்காலுக்கு நடுவே இடுக்கி, இடது கையால் செருகியை உருவினார். பிள்ளைகள் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும்தான் பார்த்தேன். ஒரு கணம் என் விரலை எடுத்துவிடலாமா என்று இருந்தது. எடுத்தால் வண்டி நிற்காமல் மூன்றாவது சுற்றுக்குப் போய்விடும், மண்டபமே பார்க்கும். விரலை எடுக்கவில்லை. அழுத்தினேன்.

ஏழாம் எண் இஞ்சின் மெல்ல வந்து, குடில் வாசலில் மூச்சு விடுவதுபோல் நின்றது. பஞ்சு அசையவில்லை.

கைதட்டல் ஓயவே நேரம் ஆயிற்று. "பாத்தீங்களா, அண்ணன் கை இன்னும் போகல" என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். என் மனைவி அழுதாள். மச்சான் உருவிய செருகியைக் கையில் வைத்துக்கொண்டு திரையின் கிழிசலையே பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். இல்லை. டாக்டர் பேசியபோது ஜன்னலைப் பார்த்தாரே, அந்தப் பார்வை.

அன்று விருந்துக்கு அவர் நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு புக்கிட் மேராவுக்குப் போனேன், ஆரஞ்சு இல்லாமல். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். கைப்பெட்டி டிவியின் மேல் இருந்தது, வயர் நன்றாகச் சுருட்டப்பட்டு. நான் ஏதேதோ சொன்னேன். தங்கச்சி பயந்துட்டா, பாலன் விழுந்துட்டா, பிள்ளைங்க பாத்தா. அவர் கையை உயர்த்தினார், போதும் என்று. பிறகு பேசினார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுதிக் காட்ட என்னால் முடியாது.

"கிரேன்ல... கீழ ஒருத்தன் நிப்பான். கை... காட்டுவான். மேல, கீழ, நில்லு. காட்டத்தான்... செய்வான். கயித்தப்... புடிக்க மாட்டான்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இன்னும் முடிக்கவில்லை.

"எட்டு மாசமா... நீ என்னை ஒரு வார்த்த... கேலி பண்ணல, மாப்ள. நான்... செத்துட்டேனா?"

அக்கா அடுப்பங்கரையில் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் வரும். எங்கள் மண்டபத்தில் அவர்களும் ரயிலில்தான் வருவார்கள், சரக்கு வண்டியில் நின்றபடி, கால்களில் ஒட்டுக்களிமண் வைத்து. இந்த முறை மச்சான் ஒரு நிபந்தனை வைத்தார். நான் முதல் வரிசையில் உட்கார வேண்டும். இரண்டு கையும் முழங்காலில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி. இரண்டாவது கைப்பெட்டியை நான் ஃபாதரிடமே கொடுத்துவிட்டேன். எதற்கு என்று கேட்டார். "பாவசங்கீர்த்தனம் ஃபாதர்" என்றேன்.

வண்டி கிளம்பியது. முதல் சுற்று அழகாகப் போயிற்று. இரண்டாவது சுற்றில், கடைசி வளைவில், மச்சானின் விரல் பிந்தியது. என் கை முழங்காலில் துடித்தது, பிடித்துக்கொண்டேன். சரக்கு வண்டி சாய்ந்தது. நடுவில் நின்ற ராஜா, வெள்ளைப்போளம் கொண்டு வருகிறவர், களிமண்ணோடு பெயர்ந்து கண்ணாடிக் குளத்தில் தலைகீழாக விழுந்தார். வண்டி குடிலைத் தாண்டி ஒரு சாண் தள்ளி நின்றது.

மண்டபத்தின் பின்வரிசையில் ஆரம்பித்தார்கள், "பரவால்ல அண்ணே", "ஒண்ணும் ஆகலண்ணே", மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. என் குரல் அதில் பத்து இடத்திலிருந்து கேட்டது. மச்சான் யாரையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். என் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள், வேண்டாம் என்று.

நான் எழுந்தேன்.

"மச்சான், ஏறினது மூணு ராஜா. வந்து சேர்ந்தது ரெண்டு. கப்பல்லயும் இப்படித்தான் இறக்கினீங்களா? அதான் போர்ட்ல கணக்கே டேலி ஆகலையாம்."

யாரோ மூச்சை இழுத்தார்கள். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். மச்சானின் வாயின் நல்ல பக்கம் மெல்ல மேலே போயிற்று. வார்த்தை வர நேரமானது. மண்டபம் முழுவதும் காத்திருந்தது, யாரும் அவருக்குப் பதிலாகச் சொல்லி முடிக்கவில்லை.

"டிகோடர... எரிச்சவன்... பேசுறான்."

முதலில் சிரித்தவர் அக்கா. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பிள்ளைகள் எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டார்கள்.

நான் குளத்திலிருந்து ராஜாவை எடுத்தேன். கழுத்தில் ஒரு விரிசல், இன்றும் பசையோடு இருக்கிறது. மச்சான் பித்தானை அழுத்தி வண்டியைப் பின்னால் எடுத்தார். ராஜாவைக் களிமண்ணில் நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டி விலகினேன். வண்டி மறுபடி வந்தது. இந்த முறை குடில் வாசலுக்கு இரண்டு விரல் முன்னாலேயே நின்றுவிட்டது.

யாரும் அதைத் தொடவில்லை. ராஜாக்கள் மூவரும் அந்த இரண்டு விரலைத் தாண்டி நடந்து போனார்கள், ஃபாதரின் கையில்.